தோர் மூன்றாம் பாகம்: ஊரே அழியும்போது சிரிக்கலாமா?

மேலூர்க்காரன்:
தோர் என்கிற இடி தேவனைப் பற்றிய ஹாலிவுட் படங்களில், 2017-இல் வந்த மூன்றாம் பாகமான ‘தோர்: ராக்னராக்’தான் சிறந்தது என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை. கடைசியில் தோரின் ஊரான அஸ்கார்ட் வெடித்துச் சிதறுகிறது. கோர்க் என்கிற கல் மனிதன், “அஸ்திவாரம் நன்றாக இருந்தால் திரும்பக் கட்டிவிடலாம்” என்கிறான். அடுத்த நொடி அஸ்திவாரமும் போகிறது, “மன்னிக்கணும்” என்கிறான். அவனுக்குக் குரல் கொடுத்தது இயக்குநர் டைக்கா வைடீட்டியேதான். தான் எழுப்பிய சோகத்தைத் தானே இடித்துவிட்டார். அரிச்சந்திரா நாடகத்தில் மயான காண்டம் நடக்கும்போது பபூன் உள்ளே புகுந்தால் நம் ஊரில் விடுவார்களா?

அனுப்பானடி அக்கா:
நாடகத்தையே எடுத்தீர்கள், சரி தம்பி, அதை வைத்தே பேசுவோம். மதுரை ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் (நாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) வேறு ஊர். ஒத்திகை கிடையாது, மேடையில்தான் சந்திப்பார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம், பேச்சு மட்டும் அன்றைக்குப் பிறக்கும். சபையில் சொல்லக் கூசுகிறதைப் பபூன் சொல்லிவிட்டுப் போவார்.

வைடீட்டி செய்ததும் அதுதான். ஏறக்குறைய 80 சதவீதம் அங்கங்கே பேசிச் சேர்த்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். சண்டை அரங்கில் தன் பழைய கூட்டாளி ஹல்க்கைப் பார்த்ததும் “இவன் என் கூட வேலை பார்க்கிறவன்” என்று தோர் துள்ளுகிறானே, அந்த வசனத்தைப் படப்பிடிப்பு பார்க்க வந்த ஒரு குழந்தை சொல்லிக்கொடுத்ததாம்.

அப்புறம் அந்த அரண்மனைக் கூரையைப் பாருங்கள். தோரின் அக்கா ஹேலா மேலே இருக்கிற அழகான ஓவியத்தை இடித்துத் தள்ளுகிறாள். அடியில் பழைய ஓவியம், அப்பன் ஓடினும் மகள் ஹேலாவும் ஊர் ஊராகப் பிடித்த கதை. இந்தத் தங்கமெல்லாம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறாள். நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி வம்சத்தில் வந்த ஒருவர்தான் இதை எடுத்திருக்கிறார், அவருக்கு அது வெறும் கதை அல்ல.

மேலூர்க்காரன்:
அக்கா, நீங்கள் சொன்ன கூரைக் காட்சியே என் பக்கம்தான் சாட்சி. ஹேலாவாக நடித்த கேட் பிளான்செட் அதைக் கோபத்தோடு நேராகப் பேசுகிறார், யாரும் குறுக்கே வந்து சிரிப்பு மூட்டவில்லை. அதனால்தான் மனதில் நிற்கிறது. வோல்ஸ்டாக்கும் ஃபேண்ட்ரலும் முதல் பாகத்திலிருந்தே தோரின் உயிர் நண்பர்கள். ஹேலா வந்ததும் சில நொடிகளில் செத்துப்போகிறார்கள். அவர்கள் எங்கே என்று தோர் ஒரு வார்த்தை கேட்டானா? சிரிக்க அத்தனை நேரம் கொடுத்தவர்கள் அழ ஒரு நிமிடம் கொடுக்கவில்லையே.

திருமங்கலம் எக்ஸ்பிரஸ்:
அண்ணன் பக்கம் நான். 2022-இல் அதே இயக்குநர் எடுத்த ‘லவ் அண்ட் தண்டர்’ பாருங்கள். தோரின் காதலி ஜேனுக்குப் புற்றுநோய், பக்கத்திலேயே ஆடுகள் கத்துகின்றன. வேடிக்கையை எங்கே நிறுத்துவது என்பது அங்கே கைவிட்டுப் போயிற்று.

அனுப்பானடி அக்கா:
அந்தப் படத்தின் குறைக்கு இந்தப் படம் எப்படிப் பொறுப்பாகும்? 2011-இல் கென்னத் பிரானா, 2013-இல் ஆலன் டெய்லர், இருவரும் முகத்தை இறுக்கி வைத்தே எடுத்தார்கள். கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்துக்குள் இப்படி ஒரு நகைச்சுவை நடிகர் இருப்பதை மூன்றாவது பாகம்தான் முழுதாக வெளியே கொண்டுவந்தது.

மேலூர்த் தம்பிக்கு: ஓடின் சாவது நார்வே கடலோரம், அமைதியாக. அங்கே கோர்க் வரவில்லை. வைடீட்டிக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியும். அஸ்கார்ட் என்பது இடமல்ல, மக்கள் என்று அதே ஓடின் சொல்லிவிடுகிறார். அந்த மக்கள் கப்பலில் உயிரோடு நிற்கிறார்கள். வெடித்தது கொள்ளையடித்த தங்கத்தில் கட்டிய கட்டடம். கோர்க் கேலி செய்வது அந்த அஸ்திவாரத்தை, ஒருத்தர் சாவை அல்ல. அந்த இடத்தில் அழச் சொல்லியிருந்தால்தான் கதைக்கே விரோதம்.

மேலூர்க்காரன்:
கட்டடத்துக்கு அழ வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். வோல்ஸ்டாக் கட்டடமா அக்கா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.