வீட்டிலேயே மாஸ்டரிங்: மிருதங்கத்தின் ‘நம்’ எங்கே போனது?

ஈசூன்வாசி:
அனைவருக்கும் வணக்கம். வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில், 3 மீட்டர் நீளமுள்ள படுக்கையறையின் நடுவே அமர்ந்து, மிருதங்கமும் வீணையும் பேஸ் கித்தாரும் சேர்ந்த என் பாடலை நானே மிக்ஸ் செய்து, பிறகு மாஸ்டரிங் என்ற இறுதிக்கட்டத்தில், ஒலியின் உச்சங்களை அடக்கும் லிமிட்டரால் −8 லஃப்ஸ் (உரப்பின் அலகு) வரை உயர்த்தி ஸ்பாட்டிஃபையில் ஏற்றினேன். அங்கே மற்ற பாடல்களுக்கு முன் அது சோர்ந்து ஒலிக்கிறது. மிருதங்கத்தின் ‘நம்’ என்ற ஒலி மழுங்கிவிட்டது. நண்பரின் காரிலோ பேஸ் மட்டுமே முழங்குகிறது. எங்கே தவறினேன்?

தேக்கா ரசிகர்:
ஸ்பாட்டிஃபை, பயனர் அமைப்பை மாற்றாதவரை, பாடல்களை −14 லஃப்ஸ் அளவுக்குச் சமன்செய்தே ஒலிக்கச் செய்கிறது. ஆகவே உங்கள் பாடல் 6 டெசிபல் இறங்கிவிடும். ஆனால், லிமிட்டர் நசுக்கியது நசுங்கியபடியேதான் இருக்கும். மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் விளிம்பில் விரல் விழும் அந்த நொடிப்பொழுதில்தான் ‘நம்’ பிறக்கிறது. லிமிட்டர் முதலில் வெட்டுவதும் அந்த முனையைத்தான். அதைத் தளர்த்துங்கள். ட்ரூ பீக் (ஒலியலை தொடும் உண்மையான உச்சம்) −1 டெசிபலுக்குள் இருக்கட்டும். −14ஐவிட உரக்க வைத்தால் −2க்குள். எண்ணுக்காகப் பாட்டை வளைக்க வேண்டாம், −12தான் பொருந்துகிறது என்றால் அப்படியே விடுங்கள்.

உட்லண்ட்ஸ் அண்ணன்:
தம்பி, காரில் பேஸ் முழங்குவதற்குக் காரணம் உங்கள் அறை. எதிரெதிரே 3 மீட்டர் இடைவெளியில் நிற்கும் கான்கிரீட் சுவர்களுக்கிடையே ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில், இடம் நகராமல் நின்று அதிரும் நிலையலை உருவாகும். அதன் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும் இடம் அறையின் நட்டநடு, அதாவது உங்கள் நாற்காலி. பேஸ் கித்தாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதால் அந்தச் சுரம் உங்கள் காதுக்கு எட்டவே இல்லை. எட்டவில்லை என்று, குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் அதை ஏற்றியிருப்பீர்கள். சுவரில் ஒட்டும் மெல்லிய ஃபோம் இதற்கு உதவாது, ஏனெனில் அந்த அலையின் நீளமே 6 மீட்டர். முன்சுவரிலிருந்து சுமார் 1.1 மீட்டர் தொலைவில் தலை இருக்கும்படி அமர்ந்து, பிறகு ஹெட்ஃபோனிலும் சரிபாருங்கள். மிக்ஸைத் திருத்தாமல் மாஸ்டரிங்கில் இதைச் சரிசெய்ய முயன்றால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் ‘தொம்’மும் சேர்ந்து மெலியும்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு மேசையை முன்னே நகர்த்தி அமர்ந்ததும், நான் 60 ஹெர்ட்ஸ் அருகே 5 டெசிபல் ஏற்றியிருந்தது அப்பட்டமாகக் கேட்டது. அதை நீக்கி, −13 லஃப்ஸ், ட்ரூ பீக் −2 என்று புதிதாக எடுத்தேன். ‘நம்’ திரும்பிவிட்டது. ஆனால், வீணையின் மீட்டு இப்போது சற்றுக் கூர்மையாகப் படுகிறது. அதை இன்றிரவு மிக்ஸிலேயே பார்க்கிறேன்.