புதுப்பிப்பு: கார் ஃபிரிட்ஜுக்கு நானே செய்த உறை

வெயிலில் காருக்குள் 12 வோல்ட் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் ஓயாமல் ஓடி பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது, பழைய யோகா பாயை வெட்டி உறை செய்யப் போகிறேன் என்று முன்பு எழுதியிருந்தேன். செய்துவிட்டேன். நல்ல பலன்: உச்சி வெயிலிலும் கம்ப்ரசர் இப்போது அவ்வப்போது நின்று ஓய்வெடுக்கிறது.

ஆனால் முதல் உறையில் பெரிய தவறு. பக்கவாட்டுக் கிரில்லையும் சேர்த்து மூடிவிட்டேன். உள்ளிருந்து இழுத்த வெப்பத்தைக் கண்டன்சர் அந்த வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. அரை மணி நேரத்தில் அந்த இடம் தொட்டால் சுட்டது. தயவுசெய்து அந்தப் பக்கத்தைத் திறந்தே விடுங்கள்; அங்கே பையோ துணியோ சாய்ந்து நிற்கவும் கூடாது.

மேலே ஒட்டிய அலுமினியத் தாளின் பளபளப்பு வெளியே காற்றைப் பார்த்து இருக்கட்டும். எதன் மீதாவது அழுந்திக் கிடந்தால் அது வெப்பத்தைத் திருப்பாது, கடத்தத்தான் செய்யும்.

நான் எதிர்பார்க்காதது மூடியின் ரப்பர். ஒரு தாளை இடுக்கில் வைத்து மூடி இழுத்தேன். மூன்று மூலைகளில் இறுக்கிப் பிடித்தது, நான்காவதில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. குளிர் கசிந்தது அங்கேதான். வெந்நீரில் நனைத்த துணியால் ரப்பரை ஒற்றி ஒற்றி நிமிர்த்தியிருக்கிறேன். இன்று தாள் அங்கேயும் பிடிக்கிறது.