டிசைன் திங்கிங் முறையில் தேவை சேகரிப்பு: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி:
கிடங்கு இருப்புக் கணக்குக்கு ஒரு மென்பொருள் செய்கிறோம். வாடிக்கையாளர் தரப்பு மேலாளர்கள் தேவைப் பட்டியலைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது எங்கள் புராஜெக்ட் மேனேஜர் டிசைன் திங்கிங் முறையில் (பயனரைப் புரிந்துகொண்டு, மாதிரி செய்து, சோதித்துத் தீர்வு காணும் முறை) ரிக்வயர்மென்ட், அதாவது தேவைகளை, எடுக்கச் சொல்கிறார். ஒர்க்‌ஷாப் வைத்து ஸ்டிக்கி நோட் ஒட்டினால் போதுமா? கடைசியில் எஸ்ஆர்எஸ் ஆவணமும் (மென்பொருள் என்னென்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தருவது) கொடுத்தாக வேண்டும்.

பதில் 1:
ஒர்க்‌ஷாப்பைத் தள்ளிப்போடுங்கள். முதலில் கிடங்கில் போய் நில்லுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் சொல்லும் ஐந்து படிகளில் முதல் படி பயனரைப் புரிந்துகொள்வது. பிரச்சினையை வரையறுப்பதே அதற்கு அப்புறம்தான். பட்டியலை வைத்துத் தொடங்கினால் இரண்டையும் தாண்டிக் குதித்துவிடுவீர்கள்.

நான் வேலை செய்த ஒரு திட்டத்தில் "எக்செலில் இறக்க ஒரு பட்டன்" என்பதுதான் பட்டியலின் முதல் வரி. நேரில் பார்த்தால், சரக்கு எண்ணும் பெண் தடித்த கையுறை போட்டிருந்தார். தொடுதிரை அவர் விரலுக்கு அசையவே இல்லை. எண்ணிக்கையை அட்டைப்பெட்டி மேலேயே மார்க்கரால் எழுதிவிட்டு நகர்ந்தார். ஷிப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் பெட்டி பெட்டியாகப் பார்த்து எக்செலில் ஏற்றினார். சிஸ்டத்தில் இருக்கும் கணக்கோடு அதை ஒப்பிடத்தான் அந்தப் பட்டன்!

எஸ்ஆர்எஸ்ஸில் நாங்கள் எழுதியது: "கையுறையைக் கழற்றாமல், எண்ணும் இடத்திலேயே, எண்ணிக்கையைப் பதிவு செய்ய முடிய வேண்டும்." சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம். ஆவணத்துக்கு இதுதான் வேண்டும்.

பதில் 2:
உடன்படுகிறேன், ஆனால் எல்லாமே பார்த்துத் தெரிந்துவிடாது. எண்ணை யார் எப்போது மாற்றினார்கள் என்ற தணிக்கைப் பதிவு, பேக்கப், அணுகல் உரிமை இதையெல்லாம் உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
சரி, மேலாளர்கள் கொடுத்த பட்டியலை என்ன செய்வது? எத்தனை பேரைப் பார்க்க வேண்டும்?

பதில் 1:
பட்டியலைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது இல்லாமல் இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். "ஏன் வேண்டும்?" என்று கேட்டால் நியாயம் சொல்வார்கள், இப்படிக் கேட்டால் செய்தே காட்டுவார்கள்.

ஐந்து பேர் போதும் என்று யாராவது சொல்வார்கள். அது பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் பயன்பாட்டுச் சோதனைக்கு (செய்த திரையைப் பயனர் எப்படிக் கையாள்கிறார் என்று பார்ப்பது) சொன்ன கணக்கு, இங்கே பொருந்தாது. எண்ணுபவர், சரக்கு ஏற்றுபவர், சூப்பர்வைசர் என்று ஒவ்வொரு வேலையிலும் புதிதாக எதுவும் கண்ணில் படாத வரை பாருங்கள். இரவு ஷிப்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அப்புறம் திரையைக் காகிதத்தில் வரைந்து, கையுறை போட்டவரிடமே கொடுத்து, எங்கே தொடுவார் என்று பாருங்கள். ஒர்க்‌ஷாப்பை அதற்குப் பிறகு வையுங்கள்.