கேசட் கெட்டுப்போச்சு என்று சண்டைக்குப் போன கதை

குன்னூர்_குளிர்:
பிங்க் ஃப்ளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்' ஆல்பத்தை முதலில் எதில் கேட்டீர்கள்? நான் 1991இல், பத்தாவது படிக்கும்போது, ஊட்டியில் ஒரு கடையில் பதிந்து வாங்கிய கேசட்டில். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சத்தம் சட்டென்று சுருங்கி டிரான்சிஸ்டரில் வருவது போலாகி, அப்புறம் கரகரவென்று ஸ்டேஷன் மாற்றுகிற ஓசை, நடுவில் யாரோ பேச்சு. ரேடியோவிலிருந்து பதிந்ததை என் தலையில் கட்டிவிட்டார் என்று மழையோடு மழையாக பஸ் ஏறிப் போய்ச் சண்டை போட்டேன். பாவம், அவருக்கும் தெரியவில்லை, காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்படி வேறு யாராவது உண்டா? அந்த முதல் பாட்டின் குரல் மட்டும் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

கோத்தகிரி_சாலை:
அது ராய் ஹார்ப்பர், குழுவில் இல்லாதவர். இவர்கள் பதிந்துகொண்டிருந்த அதே அபே ரோடு ஸ்டுடியோவில் தன் ஆல்பத்துக்காக இருந்தவரைக் கூப்பிட்டுப் பாடவைத்தார்கள். ரேடியோ ஓசை குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மோரின் கார் ரேடியோவில் பிடித்தது. அதையொட்டி வரும் அடுத்த பாட்டில், ரேடியோவில் ஒரு கிட்டார் போக, அதைக் கேட்கிற ஒருவன் தன் அறையில் உட்கார்ந்து கூடவே வாசிக்கிறான், அதுதான் கணக்கு. அதனால்தான் முதல் கிட்டார் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிறது, இரண்டாவது நம் பக்கத்திலேயே. ஹெட்ஃபோனில் கேளுங்கள், அவன் இருமுவதுகூடக் கேட்கும்.

மூஞ்சிக்கல்:
கொடைக்கானலில் எங்கள் வீட்டில் அந்த இடம் வந்தாலே அப்பா உள்ளேயிருந்து "ஒழுங்காத் திருப்புடா, சிலோன் கிடைக்கும்" என்பார். ஐப்பசி மழையில் கேசட்டெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும், அம்மா அரிசி டின்னில் புதைத்து வைப்பார், அப்படியும் அந்த ஆல்பத்தில் 'வெல்கம் டு த மெஷின்' பாட்டு போய்விட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. அதிலேயே உள்ள 'ஷைன் ஆன்' பாட்டு தப்பித்ததே போதும். அது குழுவைவிட்டுப் போன பழைய பாடகர் சிட் பாரெட்டை நினைத்து எழுதியது. 1975 ஜூனில் அவரே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றார், உடம்பு பெருத்து, புருவம்கூட மழித்து. கூடப் பாடியவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டின் நாலு கிட்டார் சுரத்தைச் சும்மா கேட்க முடிவதில்லை.

குன்னூர்_குளிர்:
நன்றிங்க. அந்த இருமல் கடைக்காரருடையது என்றே முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.