யோக்கிச்சைச் சுற்றி டென்வர் அணியை மீண்டும் கட்டுவது: போர்ட்டரைக் கொடுத்தது சரியான முடிவா?

அதிகாலைப் பார்வையாளர் (கேள்வி, 2025 கோடை)

அனைவருக்கும் வணக்கம். 2023-இல் டென்வர் நக்கெட்ஸ் அணி மயாமி ஹீட்டை 4–1 என்ற கணக்கில் வென்று அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் கோப்பையைக் கைப்பற்றியபோது, இந்த அணி இன்னும் ஓரிரு கோப்பைகளையாவது வெல்லும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அதன்பின் வந்த இரண்டு பருவங்களிலும் பிளேஆஃப் (பருவ முடிவின் வெளியேற்றுச் சுற்றுகள்) இரண்டாம் சுற்றில், ஏழு ஆட்டத் தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டத்தில் அணி வெளியேறிவிட்டது. 2024-இல் மினசோட்டாவிடம் தோற்றது. 2025 மே மாதம் ஓக்லஹோமா சிட்டியிடம் 125–93 என்று தோற்றது. அந்தக் கடைசி ஆட்டத்தை விடியற்காலையில் எழுந்து பார்த்தவன் என்பதால், அணியின் சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமானவர்) நிக்கோலா யோக்கிச் இருக்கையில் அமர்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்ட காட்சி இன்னும் மனத்தைவிட்டு அகலவில்லை.

யோக்கிச்சுக்கு 2025-இல் 30 வயது. 2024–25 பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலைப் பிடிப்பது), 10.2 அசிஸ்ட்டுகள் (புள்ளிக்கு வழிவகுத்த பாஸ்) எடுத்தார். ஒரு பருவம் முழுவதற்கும் டிரிபிள் டபுள் (இப்படி மூன்றிலும் இரட்டை இலக்கம்) சராசரி வைத்தவர்கள் ஆஸ்கர் ராபர்ட்சன், ரசல் வெஸ்ட்புரூக் ஆகிய இருவருக்குப் பின் இவர்தான். சென்டர்களில் இவரே முதல்வர். இப்படி ஆடும் ஒருவரை வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்றைத் தாண்ட முடியவில்லை என்றால், குறை சுற்றியுள்ள அணியில்தான் இருக்க வேண்டும்.

பருவம் முடிய மூன்றே ஆட்டங்கள் இருந்தபோது பயிற்சியாளர் மைக்கேல் மலோனும் பொது மேலாளர் கால்வின் பூத்தும் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பின் பயிற்சியாளராக டேவிட் அடெல்மன் வந்தார். நிர்வாகத்துக்கு பென் டென்சரும் ஜான் வாலஸும் வந்தார்கள். வந்த சில நாள்களிலேயே மைக்கேல் போர்ட்டர் ஜூனியரையும் 2032-ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் (புதிய இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு) புரூக்ளினுக்குக் கொடுத்துவிட்டு கேமரன் ஜான்சனை வாங்கியிருக்கிறார்கள். டாரியோ சாரிச்சுக்குப் பதிலாக யோனாஸ் வலன்சியூனஸ் வந்திருக்கிறார். புரூஸ் பிரவுனும் டிம் ஹார்டவே ஜூனியரும் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார்கள்.

இவர்களில் ஒருவர்கூட நட்சத்திரம் இல்லை. யோக்கிச்சின் உச்ச ஆண்டுகள் இன்னும் எத்தனை என்று தெரியாத நிலையில், இன்னொரு பெரிய ஆட்டக்காரரைத் தேடாமல் இப்படிச் சிறுசிறு மாற்றங்களைச் செய்வது போதுமா? அதற்காக 2032-இன் உரிமையை எவ்விதப் பாதுகாப்பு நிபந்தனையும் இல்லாமல் கொடுத்தது சரியா? விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை (மறுமொழி)

நல்ல கேள்வி. இதற்குப் பணக் கணக்கிலிருந்து விடை தேடுவதுதான் முறை என்று நினைக்கிறேன், ஏனெனில் இன்றைய என்.பி.ஏ.வில் யாரை வாங்கலாம் என்பதைத் திறமைக்கு முன்பு விதிகள் தீர்மானித்துவிடுகின்றன.

2025–26 பருவத்துக்குச் சம்பள உச்சவரம்பு ஏறத்தாழ 154.6 மில்லியன் டாலர். ஆடம்பர வரி தொடங்குவது 187.9 மில்லியனில். அதற்கு மேல், தாண்டினால் ஆட்டக்காரர்களை வாங்கும் வழிகளைக் குறுக்கும் ‘ஏப்ரன்’ என்ற இரு வரம்புகள்: முதல் ஏப்ரன் 195.9 மில்லியன், இரண்டாம் ஏப்ரன் 207.8 மில்லியன். போர்ட்டர் அணியில் நீடித்திருந்தால் யோக்கிச்சுக்கு 55, ஜமால் மரேக்கு 46, போர்ட்டருக்கு 38, ஆரோன் கார்டனுக்கு ஏறத்தாழ 23 என்று நால்வருக்கு மட்டுமே 162 மில்லியன் போயிருக்கும். 15 பேர் கொண்ட அணியில் நான்கு பேரே உச்சவரம்பைத் தாண்டிவிட்டால், மீதி 11 இடங்களை இளைஞர்களையும் குறைந்தபட்சச் சம்பளக்காரர்களையும் கொண்டுதான் நிரப்ப முடியும். இரண்டாம் ஏப்ரனைத் தொட்டுவிட்டாலோ, இரண்டு ஆட்டக்காரர்களின் சம்பளத்தைச் சேர்த்து ஒருவரை வாங்கும் வழிகூட அடைபட்டுவிடும்.

ஜான்சனின் சம்பளம் ஏறத்தாழ 21 மில்லியன். ஆகவே இந்த ஒரு பரிமாற்றத்தில் 17 மில்லியன் டாலர் அளவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. வலன்சியூனஸின் ஏறத்தாழ 10 மில்லியன் சம்பளத்தைச் சுமக்க முடிந்ததற்கு அதுதான் காரணம். போர்ட்டரையும் ஜான்சனையும் மட்டும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டால் இந்தப் பேரத்தின் பாதிதான் கண்ணில் படும்.

இங்கே ஒரு பழைய காயத்தையும் சொல்ல வேண்டும். கோப்பை வென்ற உடனே புரூஸ் பிரவுனை இழந்ததற்கு நிர்வாகத்தின் கஞ்சத்தனமே காரணம் என்று பலரும் இன்றும் எழுதுகிறார்கள். அது சரியன்று. அவர் ஒரே ஓர் ஆண்டுதான் அணியில் இருந்தார். ஆகவே அவருடைய முந்தைய சம்பளத்தில் 120 விழுக்காடு வரைதான் விதிப்படி டென்வரால் கொடுக்க முடிந்தது, அது எட்டு மில்லியனுக்கும் குறைவு. இந்தியானாவோ இரண்டு ஆண்டுக்கு 45 மில்லியன் கொடுத்தது. எந்த மனிதரும் போய்விடுவார். அடுத்த ஆண்டு கென்டேவியஸ் கால்ட்வெல்-போப் மூன்று ஆண்டுக்கு 66 மில்லியன் பெற்று ஒர்லாண்டோவுக்குப் போனது வேறு கதை. அவரை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுத்தது, அணிதான் விட்டுவிட்டது. என்னைக் கேட்டால், டென்வர் செய்த பெரிய தவறு அதுதான். மலிவான ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பில், கிறிஸ்டியன் பிரவுன் ஒருவர்தான் முழுமையாகத் தேறினார்.

இன்னொரு நட்சத்திரம் வேண்டும் என்கிறீர்கள். அப்படி ஒருவருக்கு 40, 50 மில்லியன் கொடுக்க வேண்டும். மரேயையோ கார்டனையோ அனுப்பாமல் அது நடக்காது.

பழைய சென்டர் (மறுமொழி)

கணக்குப்பிள்ளை சொன்னதோடு உடன்படுகிறேன். நான் ஆடுகளத்திலிருந்து பார்த்துச் சொல்கிறேன். பள்ளி மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாகக் கூடைப்பந்து சொல்லிக்கொடுப்பவன் என்பதால், யோக்கிச் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த ஏழாவது ஆட்டத்தைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். 2.11 மீட்டர் உயரமுள்ள யோக்கிச்சைத் தடுக்க ஓக்லஹோமா சிட்டி நிறுத்தியது, அவரைவிட ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் குட்டையான அலெக்ஸ் கரூசோவை! கரூசோ அவருக்குப் பின்னால் நிற்கவில்லை. முன்னால் வந்து, பந்து வரும் பாதையில் உடம்பைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றார். தலைக்கு மேலே தூக்கிப் போடலாமே என்று நினைத்தால், பின்னால் வளையத்துக்கு அருகே இன்னோர் உயரமானவர் காத்திருந்தார். அந்த இரண்டாவது ஆள் எங்கிருந்து வந்தார் என்பதுதான் செய்தி. மூன்று புள்ளிக் கோட்டில் டென்வர் வீரர் ஒருவரைத் தனியே விட்டுவிட்டு அவர் வந்திருந்தார். விட்டால் ஆபத்தில்லை என்ற துணிவில் வந்திருந்தார். சென்ற பருவத்தில் லீக்கிலேயே மிகக் குறைவாக மூன்று புள்ளி எறிதல்களை முயன்ற அணி டென்வர்தான். எதிரணிக்கு அந்தத் துணிவு வந்ததில் வியப்பில்லை.

யோக்கிச் பந்தை ஒரு கையில் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தோளைச் சற்றே இடப்பக்கம் சாய்த்து, கண்ணை எதிர்மூலையில் வைத்திருப்பார். தடுப்பவர் அந்தக் கண்ணைத் தொடர்ந்து ஒரே ஓர் அடி நகர்ந்ததும், பார்க்காத பக்கத்தில் வளையத்தை நோக்கிப் பாயும் கார்டன் கையில் பந்து இருக்கும். இந்த ஆட்டம் நடக்க இருவகையினர் வேண்டும்: பாய்பவர்கள், வெளியிலிருந்து எறிபவர்கள். கார்டனும் கிறிஸ்டியன் பிரவுனும் முதல் வகை. சென்ற பருவத்தில் ஜான்சன் சராசரியாக 18.8 புள்ளிகள் எடுத்தார். மூன்று புள்ளி எறிதலில் 39 விழுக்காடு. அது மட்டுமென்றால் போர்ட்டரும் செய்வார்; எறிவதில் போர்ட்டர் இன்னும் தேர்ந்தவர் என்றுகூடச் சொல்வேன். ஆனால் தடுப்பவர் பாய்ந்து வந்தால், ஜான்சன் பந்தை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே நுழைந்து அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார். போர்ட்டரிடம் போன பந்து பெரும்பாலும் வளையத்துக்குத்தான் போகும்.

இனி வலன்சியூனஸ். எனக்கு இதுதான் இந்தக் கோடையின் மிக முக்கியமான வரவு. யோக்கிச் ஓய்வெடுக்க உட்கார்ந்த உடனே முன்னிலை கரைந்து போவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். டிஆண்ட்ரே ஜோர்டன், சாரிச், ஸீக் நாஜி என்று எத்தனையோ பேரை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தார்கள். வலன்சியூனஸ் வேகமானவர் அல்லர். பிக் அண்ட் ரோலில் (ஒருவர் தடுப்பவரை மறித்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் ஆட்டமுறை) அவரை வெளியே இழுத்துத் தொல்லை கொடுப்பார்கள். ஆனாலும் முதுகைக் காட்டி இடம் பிடித்து, இரண்டு புள்ளிகளையும் ரீபவுண்டுகளையும் நம்பி எடுக்கத் தெரிந்த சென்டர் யோக்கிச்சுக்கு மாற்றாக இப்போதுதான் வந்திருக்கிறார். கிரேக்கத்தின் பனாதினைக்கோஸ் அணிக்குப் போகப்போகிறார் என்ற பேச்சு எழுந்தபோது உண்மையிலேயே கலங்கினேன். விடாமல் பிடித்துவைத்த நிர்வாகத்துக்கு நன்றி.

மைல்உயரம் (மறுமொழி)

மேலே சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் போர்ட்டரை இவ்வளவு எளிதாக வழியனுப்ப என்னால் முடியவில்லை. மூன்றுமுறை முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, மருத்துவர்களுக்கே நம்பிக்கை குறைந்திருந்த நிலையிலிருந்து திரும்பி வந்தவர் அவர். சென்ற பருவத்தில் 77 ஆட்டங்கள் ஆடினார். ஜான்சன் ஆடியது 57. பிளேஆஃபில் போர்ட்டர் தடுமாறியதாகக் குறை சொல்கிறவர்கள், முதல் சுற்றிலேயே தோளில் அடிபட்டும் ஒதுங்காமல் ஆடினார் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அவருடைய உயரமும் ரீபவுண்டும் போனதன் வலி, பெரிய உடம்புள்ள அணிகளோடு மோதும்போது தெரியும்.

அடுத்தது 2032. ஏழு ஆண்டுக்கு அப்பால் உள்ள உரிமையைத்தான் விதிப்படி எட்டி எடுக்க முடியும். நிர்வாகம் அந்தக் கடைசி எல்லைவரை கையை நீட்டியிருக்கிறது. அப்போது யோக்கிச்சுக்கு 37 வயது. அவர் இல்லாத டென்வர், லீக்கின் அடிமட்டத்தில் இருக்கும் டென்வராகவே பெரும்பாலும் இருக்கும், அந்த ஆண்டின் முதல் சில இடங்களுக்குள் வரும் இளைஞன் புரூக்ளினுக்குப் போவான். 2014-இல் 41-ஆவது இடத்தில் யோக்கிச்சையே கண்டெடுத்த அணிக்கு டிராஃப்டின் அருமை தெரியாமல் இருக்க முடியாது. ஆகவே இது தெரிந்தே கொடுத்த விலை.

கொடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். இப்படி ஒரு ஆட்டக்காரர் ஓர் அணிக்கு நூறாண்டில் ஒருமுறைகூட வருவது அரிது. ஆனால் இவ்வளவு கொடுத்த பிறகு பாதியில் நின்றுவிட்டார்களே என்பதுதான் என் கவலை. வெஸ்ட்புரூக் தம் ஒப்பந்தத்தின் அடுத்த ஆண்டை வேண்டாம் என்று விலகிவிட்டார். அவருடைய தவறுகள் பல, அவர் பந்தை இழந்த நேரங்களில் நானும் கத்தியிருக்கிறேன். இருந்தாலும் மரே உட்காரும்போது பந்தைக் கொண்டுபோக ஒருவர் இருந்தார். இப்போது அந்த வேலையை புரூஸ் பிரவுன் செய்வாரா? 2023-இல் அவர் அதைச் செய்தார், ஆனால் சில நிமிடங்களுக்குத்தான். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று அணிகள் மாறிய பிறகு அவரிடம் பழைய கால் வேகம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பழைய சென்டர் (மறுமொழி)

மாற்று பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை அமைப்பவர்) பற்றிய கவலை நியாயமானது. இருந்தாலும் இந்த அணியில் உண்மையான பாயின்ட் கார்டு யோக்கிச்தான். மரே உட்காரும் நேரத்தில் யோக்கிச் களத்தில் இருந்தால், பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்க ஓர் ஆள் இருந்தால் போதும். இருவரும் ஒரே நேரத்தில் உட்காராதபடி அடெல்மன் நிமிடங்களைப் பிரிக்க வேண்டும். 2025 ஏப்ரலில் கிளிப்பர்ஸுக்கு எதிரான நான்காவது ஆட்டம் நினைவிருக்கும். 99–99 என்றிருந்தபோது யோக்கிச் எறிந்த பந்து வளையத்தை எட்டாமல் இறங்க, கார்டன் அதைக் காற்றிலேயே பிடித்து, நேரம் முடியும் அந்த நொடியில் உள்ளே அமுக்கினார். நடுவர்கள் திரையில் பார்த்துத்தான் முடிவைச் சொன்னார்கள். அது பெருமைக்குரிய வெற்றி. ஆனால் முதல் சுற்றிலேயே அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட வேண்டியிருந்ததால், அடுத்த சுற்றின் முடிவில் கார்டனின் தொடைத்தசை காயப்பட்டு, யாருக்கும் காலில் வலு இல்லாமல் போயிற்று. ஒன்பது பேரை நம்பி இறக்க முடிந்தால் அந்த நிலை வராது.

அதிகாலைப் பார்வையாளர் (கேட்டவர்)

எல்லோருக்கும் நன்றி. 17 மில்லியன் விவரமும், கரூசோ நின்ற விதத்தைப் பற்றிய விளக்கமும் சேர்ந்து என் கேள்வியையே மாற்றிவிட்டன. புதிய நட்சத்திரம் வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். 2032 பற்றிய மைல்உயரத்தின் வருத்தம் மட்டும் எனக்கும் இருக்கிறது.

இன்னும் இரண்டு முடிவுகள் மீதமுள்ளன. கிறிஸ்டியன் பிரவுனுக்கும் பெய்டன் வாட்சனுக்கும் ஒப்பந்த நீட்டிப்பு கொடுக்க 2025 அக்டோபரில் பருவம் தொடங்கும்வரைதான் காலம். இருவரில் பிரவுனையாவது இப்போதே கையெழுத்திட வைக்க வேண்டும். கால்ட்வெல்-போப்பை விட்ட தவறு அதே இடத்தில் மறுபடி நடக்கக் கூடாது. யோக்கிச் இந்தக் கோடையில் நீட்டிப்பில் கையெழுத்திடாதது குறித்து நான் அஞ்சவில்லை, ஏனெனில் ஓராண்டு பொறுத்தால் அவருக்கு இன்னும் நீண்ட ஒப்பந்தம் கிடைக்கும்.

பருவம் தொடங்கியதும், முதல் பத்து ஆட்டங்களில் இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் யோக்கிச் உட்கார்ந்திருக்கும்போது முன்னிலை எவ்வளவு கூடுகிறது, எவ்வளவு குறைகிறது என்று ஆட்டவாரியாகக் குறித்து இங்கேயே இடுகிறேன்.