உதவி: பேனல் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வரவில்லை

பேனல்பையன்_ஓசூர்:
அவசரம். விமான இறக்கையின் அடிப்பக்க பேனலில் எல்லா ஸ்க்ரூவும் கழற்றியாச்சு, ஒன்று மட்டும் இரண்டு பக்கமும் சும்மா சுற்றுகிறது. பிட் வழுக்கித் தலையும் மழுங்கிவிட்டது. நாளைக்கு சார் வருவதற்குள் பேனல் இறங்க வேண்டும், தகட்டில் கீறல் விழக்கூடாது. யாராவது சொல்லுங்க.

கெலமங்கலத்தான்:
எந்த விமானம்? தகடு அலுமினியமா காம்போசிட்டா? பின்னால் நட்பிளேட்டா (ரிவெட் அடித்துத் தகட்டில் பொருத்திய நட்) ரிவ்நட்டா (துளைக்குள் நசுக்கிப் பொருத்தும் மரைக்குழல்)? ஸ்க்ரூ எந்த சைஸ்? எதுவுமே சொல்லாமல் என்னத்தைச் சொல்வது?

தருமபுரி_மெக்கானிக்:
கேஸ் டார்ச்சில் லேசாகச் சூடு காட்டு தம்பி. பைக் இன்ஜினில் இறுகின போல்ட் எல்லாம் நான் அப்படித்தான் எடுக்கிறேன்.

ரிவெட்_பெரியவர்:
இறக்கைக்குள் பெட்ரோல் டேங்க் இருக்கும், நீங்கள் டார்ச் காட்டச் சொல்கிறீர்கள். அது போகட்டும், 2024-டி3 அலுமினியத் தகடு சூடானாலே பலம் குறைந்துவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தெரியாத வேலைக்கு யோசனை சொல்ல வராதீர்கள்.

சூளகிரி_டூல்ஸ்:
லெஃப்ட் ஹேண்ட் டிரில் பிட் (எதிர்ப்பக்கம் சுற்றி வெட்டுவது) வாங்கு, ஓட்டும்போதே ஸ்க்ரூ கழன்று வரும். கோபால்ட் பிட்டாக இருக்கட்டும்.

ரிவெட்_பெரியவர்:
அதுதான் ஏற்கெனவே சுற்றுகிறதே! லெஃப்ட் ஹேண்ட் போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான். இறுகியது வேறு, சுற்றுவது வேறு. பின்னால் நட்பிளேட்டின் ரிவெட் உடைந்திருக்கும், நட்டும் சேர்ந்து சுற்றுகிறது. படித்துவிட்டுப் பதில் போடுங்கப்பா.

பேனல்பையன்_ஓசூர்:
அலுமினியம். நட்பிளேட்தான் அண்ணா. எட்டாம் நம்பர் ஸ்க்ரூ, தலை குழிக்குள் உட்கார்ந்தது. பறக்கிற விமானம் இல்லை, பயிற்சிக்கு ஷெட்டில் நிற்பது.

சூளகிரி_டூல்ஸ்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. பறக்காத விமானம்தானே, ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பு.

ரிவெட்_பெரியவர்:
அங்கே நெம்பிப் பழகுகிற கை நாளைக்கு லைசென்ஸ் வாங்கிப் பறக்கிற விமானத்திலும் நெம்பும்.

சூளகிரி_டூல்ஸ்:
பெரியவர் பிறக்கும்போதே விமான வேலைக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு பிறந்தவர் போல.

கெலமங்கலத்தான்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, பேனல் ஓரம் விடுபட்டிருப்பதால் ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஆப்பைச் சொருகிப் பேனலை மெதுவாகக் கீழே இழுத்துப் பிடி. நட்பிளேட் தகட்டோடு அழுந்தினால் சுற்றுவது நின்று மரை கழலும். பிட் வழுக்காமல் இருக்க நுனியில் கொஞ்சம் வால்வு பேஸ்ட் (வால்வு தேய்க்கும் சொரசொரப்பான பசை) தடவு. பக்கத்துத் துளை வழியாகக் கை போனால் மூக்குப் பிளையரால் நட்பிளேட்டைப் பிடித்துக்கொள்ளலாம், அதுதான் நல்லது. இரண்டுமே நடக்காவிட்டால் தலையை மட்டும் டிரில் செய். மரையின் வெளி விட்டம் 0.164 அங்குலம், அதைவிடப் பெரிய பிட் போட்டால் பேனல் துளையைத் தின்றுவிடும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு தலை கழன்றதும் நிறுத்து. அப்போதும் ஸ்க்ரூ சுற்றாமல் ஆப்பு பிடித்திருக்க வேண்டும்.

ரிவெட்_பெரியவர்:
இது சரி. பழைய நட்பிளேட்டை எடுக்கும்போது மீதி ரிவெட்டையும் தலை ஆழம் மட்டும்தான் ஓட்டணும், 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் நம்பர் பிட். பின்னால் மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் பஞ்ச் கருவியால் தட்டினால் தகடு வளையும்.

பேனல்பையன்_ஓசூர்:
இறங்கிருச்சு. ஆப்பு போட்டே கழன்றது, டிரில் தேவைப்படவில்லை. நட்பிளேட்டில் ஒரு ரிவெட் இல்லவே இல்லை, இன்னொன்று ஆடுகிறது. நன்றி அண்ணா.

ரிவெட்_பெரியவர்:
அந்தக் காணாமல் போன ரிவெட் எங்கே? இறக்கைக்குள் விழுந்திருக்கும், கேபிள் புல்லி பக்கம் போய் மாட்டும் முன் தேடி எடுத்தாயா?

கெலமங்கலத்தான்:
தம்பி?