வீட்டில் எழுத்து அட்டைகளைக் கொண்டு பிழையின்றி எழுதப் பழக்குதல்: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பகிர்வு

ஏழு வயதான என் மகன் தமிழைத் தடையின்றி வாசிக்கிறான். ஆனால் நான் சொல்லச் சொல்ல எழுதும்போது ‘பாட்டு’ என்பது ‘பாடு’ என்றும், ‘பட்டம்’ என்பது ‘படம்’ என்றும் அவன் ஏட்டில் வந்து நிற்கின்றன. பிழையான சொல்லைப் பத்து முறை திருத்தி எழுதச் சொல்லும் வழக்கம் எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. எழுதும் கைதான் களைத்துப்போகிறதே தவிர, எந்த ஒலியைத் தவறவிட்டோம் என்பது குழந்தைக்குத் தெரிவதில்லை. ஆகவே தடித்த அட்டையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தை எழுதி, பேனாவுக்கு முன் இந்த அட்டைகளைக் கையில் கொடுத்துப் பார்க்கலாம் என்று தொடங்கினேன்.

எங்கள் வீட்டில் நல்ல பலன் தந்த முறை இதுதான். ஒரு தாளில், சொல்லில் எத்தனை எழுத்துகள் உள்ளனவோ அத்தனை கட்டங்களை வரைந்து வைக்கிறேன். சொல்லை ஒரு முறை உச்சரிக்கிறேன். அவனும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அட்டைகளை அடுக்குகிறான். ‘பட்டம்’ என்றதும் ப, ட, ம் என்று மூன்றை வரிசையாக வைத்தான். நான்காவது கட்டம் காலியாகக் கிடந்தது. நான் எதுவும் சொல்லவில்லை. அவனே அந்தச் சொல்லை மெதுவாக, ‘பட்’ என்ற இடத்தில் நாக்கை நிறுத்திச் சொல்லிப் பார்த்தான். பிறகு ட, ம் என்ற இரண்டு அட்டைகளையும் விரலால் வலப்பக்கம் நகர்த்தி, நடுவில் விழுந்த இடைவெளியில் ‘ட்’ அட்டையை வைத்துவிட்டு, ‘இது இங்கே ஒளிந்திருந்தது’ என்றான். ஒற்று என்பது வாயில் ஒரு நொடி நிற்கும் ஒலி என்பதை நான் பலமுறை விளக்கியும் புரியாதவனுக்கு, அந்தக் காலிக் கட்டம் புரியவைத்துவிட்டது. ஏட்டில் எழுதியிருந்தால் அடித்துத் திருத்திய தடம் நின்றிருக்கும். அட்டையை நகர்த்திவிட்டால் பிழையின் சுவடே இருப்பதில்லை என்பதால், துணிந்து முயன்று பார்க்கிறான்.

இரண்டு இடங்களில் எனக்கு உங்கள் அனுபவம் தேவைப்படுகிறது. ‘கெ’, ‘கே’ போன்ற எழுத்துகளை அடுக்கும்போது அவன் ககரத்தை முதலில் வைத்துவிட்டுக் கொம்பை அதன் பின்னால் வைக்கிறான். காதில் விழும் வரிசை அதுதான் என்பதால் அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மற்றொன்று ண, ன, ந மயக்கம். இவற்றை நீங்கள் எவ்வாறு கையாண்டீர்கள்?

மறுமொழி: ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியர்

அம்மா, நீங்கள் காலிக் கட்டத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தீர்களே, அதுவே பாதிப் பாடம். கட்டம் வரைந்து ஒலிக்கொரு வில்லையை நகர்த்தும் முறையைச் சோவியத் உளவியலாளர் எல்கோனின் கடந்த நூற்றாண்டில் உருவாக்கினார். இன்றும் பல நாடுகளில் வாசிப்பைத் தொடங்கும் குழந்தைகளுக்கு அது பயன்படுகிறது. 1907இல் உரோம் நகரில் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியும், எழுதுகோல் பிடிக்கக் கை பழகுவதற்கு முன்பே குழந்தை சொற்களை ஆக்கிவிட முடியும் என்று கண்டு, தனித்தனியாக எடுத்து அடுக்கக்கூடிய எழுத்துகளைச் செய்து தந்தார். உயிருக்கு ஒரு நிறம், மெய்க்கு ஒரு நிறம் என்பது அவர் வகுத்த ஏற்பாடு.

ஆனால் உரோமன் எழுத்துக்கு வகுத்ததை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் ஒத்துவராது. நம் 247 எழுத்துகளையும் தனித்தனி அட்டையாகச் செய்தால் குழந்தை தேடியே சலித்துவிடும். எல்லாக் குறிகளையும் பிரித்து வைத்தாலோ வேறொரு சிக்கல் எழும். கு, சு, து என்ற மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உகரம் மூன்றிலும் வெவ்வேறு வடிவம் கொள்கிறது. என் பேத்திக்காக நான் செய்த அட்டைகளில், குறி எழுத்தின் உடலோடு ஒட்டிவிடும் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகளை முழு எழுத்தாகவே எழுதினேன், அவை 72. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, இணைக்கொம்பு, ஔகாரத்தின் வலப்புறக் குறி ஆகிய ஐந்தும் தனி அட்டைகள். உயிர் 12, ஆய்தம் ஒன்று. மெய் 18க்கும் இருபுறமும் எழுதினேன்: ஒரு புறம் ‘க்’, மறுபுறம் ‘க’. ஆக மொத்தம் 108 வகைதான். இவற்றில் ங வரிசையின் இகரம் முதலியவற்றைச் செய்யாமலே விடலாம். அடிக்கடி வரும் க, த, ப, ம, ம், ன் போன்றவற்றில் மட்டும் கூடுதல் பிரதிகள் வேண்டும். அட்டையைத் திருப்பியவுடன் புள்ளி மறைந்து அகரம் ஏறுவதைக் குழந்தை தன் கையாலேயே செய்து பார்ப்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி என்று நான் கருதுகிறேன்.

இந்த ஏற்பாட்டுக்கு வழிவிட்டது, 1978இல் தமிழ்நாட்டு அரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தம். அதற்கு முன் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் தனி வடிவம் கொண்டிருந்தன. கால் அட்டையும் இணைக்கொம்பு அட்டையும் அவற்றுக்குப் பொருந்தியிருக்க மாட்டா. நான் பழைய வடிவத்தில் எழுதக் கற்றவன் என்பதால் என் கையெழுத்தில் ‘லை’ இன்றும் சில வேளைகளில் தும்பிக்கையோடு வரும். பேத்திக்கு அட்டை எழுதும்போது மட்டும் கவனமாகப் புதிய வடிவத்தில் எழுதுகிறேன்.

இனி உங்கள் முதற் கேள்வி. கொம்பு அட்டைகளின் வலது ஓரத்தில் ஒரு தடித்த சிவப்புக் கோடு போடுங்கள். கால் அட்டையின் இடது ஓரத்திலும் அதே கோடு வேண்டும். சிவப்புக் கோடு எப்போதும் மெய்யைத் தொட வேண்டும் என்பது மட்டுமே விதி. குழந்தை முதலில் ‘க்’ அட்டையை வைக்கட்டும். பிறகு ‘எ’ என்ற ஒலியைச் சொல்லட்டும். அதன்பின் மெய் அட்டையைத் திருப்பி, கொம்பை எடுத்து இடப்புறம் சேர்க்கட்டும். காதில் விழும் வரிசையும் காப்பாற்றப்படுகிறது, எழுத்தின் வரிசையும் பிடிபடுகிறது. ‘கொ’, ‘கோ’ என்பவற்றுக்கு இரு புறமும் கோடு தொடுவதைப் பார்த்தவுடன் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே அடுக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

ண, ன, ந பற்றி. இன்றைய பேச்சில் னகரத்துக்கும் நகரத்துக்கும் ஒலி வேறுபாடு காதில் விழுவதில்லை. ஆகவே அவற்றைக் காதால் கற்பிக்க முயல வேண்டாம், இடத்தால் கற்பியுங்கள். வண்டு, நண்டு, செண்டு என்று ஒரு நிரலிலும், பந்து, வந்து, சிந்து என்று அடுத்த நிரலிலும், கன்று, நின்று, குன்று என்று மூன்றாம் நிரலிலும் அடுக்கச் சொல்லுங்கள். மூன்று நிரல்களும் முடிந்தபின், நடு அட்டைக்கு அடுத்து என்ன வந்திருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். டகரத்துக்கு முன் ண், தகரத்துக்கு முன் ந், றகரத்துக்கு முன் ன் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிப்பான். சொல்லின் முதலில் வருவது நகரமே என்பதை அதற்கடுத்துச் சொன்னால் போதும். மனம், மணம் போன்றவற்றுக்கு மட்டும் பொருளையும் உச்சரிப்பையும் சேர்த்துத்தான் பழக்க வேண்டும்.

மறுமொழி: ஐந்தாம் வகுப்பு மாணவியின் தாய்

வளர்ந்த பிள்ளைகளுக்கு அட்டை தேவையில்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் மகள் முயற்சி, பயிற்சி, காட்சி என்ற சொற்களில் தவறாமல் ஒரு ‘ச்’ சேர்த்து ‘முயற்ச்சி’ என்றே எழுதிவந்தாள். இது பெரியவர்களின் எழுத்திலும் பரவலாகக் காணப்படும் பிழை. ஐயா சொன்ன நிரல் முறையைப் போலவே, ட், ற் அட்டைகளை ஒரு புறமும், ய், ர், ழ் அட்டைகளை மறுபுறமும் வைத்துச் சொற்களை அடுக்கினோம். பார்த்தான், வாழ்க்கை, வாய்ப்பு என்பவற்றில் ர், ழ், ய் என்பவற்றுக்குப் பின் இன்னொரு மெய் வந்து உட்கார்ந்தது. ஆட்சி, முயற்சி, கற்பனை என்பவற்றில் அப்படி ஒன்றுக்கு இடமே இல்லை. வல்லின மெய்க்குப் பின் வேறொரு மெய் வராது என்ற விதியை அவள் பாடப்புத்தகத்தில் முன்பே படித்திருந்தாள். ஆனால் ‘ச்’ அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு இடம் தேடிப் பார்த்த பிறகுதான் அந்த விதியைத் தன் எழுத்தில் பின்பற்றத் தொடங்கினாள்.

ல, ள, ழ பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் பெரியவர்கள் மூன்றையும் ஒன்றாகவே உச்சரித்தால், அட்டை எத்தனை அழகாக இருந்தாலும் பயன் இராது. நான் மலை, மழை, கலை, களை, கழை என்று சொல்ல, மூன்று அட்டைகளில் உரியதை அவள் தொட வேண்டும் என்ற பயிற்சிக்காக, என் உச்சரிப்பை நானே முதலில் சீர்ப்படுத்திக்கொண்டேன்.

மறுமொழி: டிஸ்லெக்சியா (வாசிக்கவும் எழுதவும் கற்பதில் இடர்ப்பாடு) உள்ள மகனின் தந்தை

எங்கள் வீட்டில் அட்டைகள் விருப்பத் தேர்வாக இல்லை. அவையின்றி அவனால் எழுத்துக்கூட்டவே இயலவில்லை. கண், காது, கை மூன்றையும் ஒருசேர ஈடுபடுத்திக் கற்பிக்கும் முறையை அமெரிக்காவில் 1930களில் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் கல்வியாளர் அன்னா கில்லிங்காமும் வளர்த்தெடுத்தனர். அவனுக்குப் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் அந்த வழியைப் பின்பற்றுகிறார். ஒலியைச் சொல்லிக்கொண்டே அட்டையை எடுத்து வைத்தல், வைத்தபின் விரலை அடியில் ஓட்டி முழுச் சொல்லையும் வாசித்தல், உடனே அதே சொல்லை எழுதுதல் என்ற மூன்றும் ஒவ்வொரு சொல்லுக்கும் தவறாமல் நடக்கின்றன. நாங்கள் முதன்மையாகக் கடைப்பிடிப்பது ஒன்று: அவன் தவறாக அடுக்கினால் யாரும் கை நீட்டி அட்டையை மாற்றுவதில்லை. ‘நீ அடுக்கியதை வாசி’ என்று மட்டும் சொல்கிறோம். பெரும்பாலும் வாசிக்கும்போதே தவறு அவனுக்குத் தென்பட்டுவிடுகிறது. ஒரு வேளைக்கு ஏழெட்டு அட்டைகளுக்கு மேல் மேசையில் பரப்பக் கூடாது என்பதையும் ஆசிரியர் வலியுறுத்தினார். நிறைய அட்டைகள் கண்ணெதிரில் கிடந்தால், யோசிக்க வேண்டிய நேரம் முழுவதும் தேடுவதிலேயே கழிந்துவிடுகிறது.

மறுமொழி: ஆங்கிலமும் வீட்டில் கற்பிக்கும் ஒருவர்

ஆங்கிலத்தில் 26 எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுத வேண்டியிருப்பதால், எழுத்துக்கொன்றாக மட்டும் அட்டை செய்தால் போதாது. எஸ், எச் இரண்டும் சேர்ந்து ‘ஷ்’ என ஒலிக்கும் இடத்தில் அவ்விரண்டையும் ஒரே அட்டையில் எழுதிவிடுங்கள். சி, எச் இணைக்கும் அதுவே. எச், ஓ, பி என்று ‘ஹாப்’ அடுக்கியபின் இறுதியில் ஓர் ஈ அட்டையைச் சேர்த்து ‘ஹோப்’ ஆக்கிக் காட்டினால், ஒலிக்காத எழுத்து முன்னிருக்கும் உயிரின் ஒலியை மாற்றிவிடுகிறது என்பது விளங்கும். சிற்றெழுத்தில் பி (p), டி (d) இரண்டும் ஒன்றையொன்று தலைகீழாகத் திருப்பியதுபோல் இருப்பதால், எல்லா அட்டைகளின் அடிப்பக்கத்திலும் ஒரு கோடு அவசியம்.

தொடக்கப் பகிர்வாளரின் மறுமொழி

ஐயாவுக்கும் மற்ற அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சிவப்புக் கோடு போட்ட கொம்பு அட்டைகளைச் செய்துவிட்டேன். ‘தேன்’, ‘கோடு’ இரண்டையும் அவனே சரியாக அடுக்கினான். நிரல் முறையில் ண், ன் விதியைக் கண்டுபிடித்தபோது, வீட்டிலிருந்த கதைப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதை மீறும் சொல் ஏதேனும் உண்டா என்று வெகுநேரம் தேடினான்.

ஒரு குறையை இங்கே பதிய வேண்டும் என்று நினைக்கிறேன். தேவையான எழுத்துகள் மட்டும் எதிரில் இருந்தால், குழந்தை நினைவிலிருந்து எடுக்காமல், கண்ணில் படுவதைப் பொறுக்கி அடுக்கிவிடுகிறது. அட்டையில் சரியாக வந்த சொல் ஏட்டில் மீண்டும் பிழையாவதற்கு அதுவே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே இப்போது ‘மழை’ கேட்கும்போது ல, ள, ழ மூன்றையும் வைக்கிறேன். ‘பந்து’ கேட்கும்போது ண், ன், ந் மூன்றும் இருக்கின்றன. அடுக்கி வாசித்தபின் ஒரு தாளால் மூடிவிட்டு, ஏட்டில் எழுதச் சொல்கிறேன். எழுதி முடித்ததும் தாளை நீக்கி, ஏட்டையும் அட்டையையும் எழுத்துக்கு எழுத்து அவனே ஒப்பிட்டுப் பார்க்கிறான். கட்டங்களை வரைவதை ஈரெழுத்து, மூவெழுத்துச் சொற்களுக்கு நிறுத்திவிட்டேன்; நீளமான சொற்களுக்கும் புதிய சொற்களுக்கும் மட்டும் இன்னும் வரைகிறேன்.